அதற்கு முன் என்ன நடந்தது

"அம்மா, அந்தப் பாட்டி யாருக்குக் கொழுந்து எடுக்குறாங்க?"

பள்ளி விடுமுறையில் ஒருநாள், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் வேலைக்குக் கூட்டிவந்த மகள் லக்ஷிகா, முதியோர் இல்லத்தின் கடைசி அறை வாசலில் நின்று கேட்ட கேள்வி அது. மதுஷா சட்டென்று பிள்ளையின் வாயைப் பொத்தினாள்.

"இங்க அப்புடியெல்லாம் பேசக்கூடாது. யாருகிட்டயும் சொல்லாத, கேட்டியா?"

பிள்ளை தலையாட்டிவிட்டு மறந்துபோனது. மதுஷாவால் மறக்க முடியவில்லை.

பிள்ளை ஒரே பார்வையில் கண்டுகொண்டதை அவளும் முதல் நாளே கண்டுகொண்டிருந்தாள். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில் பிறந்தவள் அவள். அவளுடைய அம்மா மலையில் நின்று இரண்டு கைகளாலும் கொழுந்து கிள்ளி, திரும்பிப் பாராமலே தோளுக்கு மேலாக, நெற்றியில் மாட்டிய கயிற்றில் தொங்கும் முதுகுக் கூடையில் வீசுவதைப் பார்த்து வளர்ந்தவள். ஜெயலெட்சுமிப் பாட்டி செய்ததும் அதுதான். பேச்சும் நினைவும் போன பிறகும் அந்தக் கைகள் வேலையை மறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி காற்றைக் கிள்ளுவாள், பின்னால் வீசுவாள். தலைவாரிவிடப் பின்னால் போய் நின்ற மதுஷாவின் உதடு கிழிந்தது அப்படித்தான்.

இல்லத்தில் ஒரு நடைமுறை உண்டு. அங்கே இருப்பவர்கள் யாராவது அடித்தால், கடித்தால், தள்ளினால் அன்றே ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். என்ன நடந்தது, யாருக்குக் காயம், அதற்கு முன் என்ன நடந்தது. கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பார் பொறுப்பாளர் யோகம்மா. "காரணமில்லாமல் ஒருத்தரும் கை ஓங்கிறேல்லைப் பிள்ளை. அந்த இடத்தை வெறுமையா விடாதேங்கோ."

மதுஷா வெறுமையாக விடவில்லை. "ஒன்றும் நடக்கவில்லை. திடீரென அடித்தார்" என்று எழுதினாள். முதல் தடவை வலியில் எழுதியது. பிறகு எழுதியதெல்லாம் களைப்பில். ஒரு நிமிடம் பொறுத்து, பாட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்து தலைவாரியிருந்தால் போதும். அந்த ஒரு நிமிடத்தை அவள் கொடுக்கவில்லை. தாள் சேரச் சேர மாத்திரை கூடியது. பின்பு, கைகளை நாற்காலியோடு துணியால் கட்டலாம் என்று முடிவாயிற்று. கட்டிய ஆளுக்குச் சோறூட்டுவது சுலபம்.

டொக்டர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம், வேலை முடிந்து குடையை எடுத்த சக பணிப்பெண் நளீரா, நடையில் நின்று சிரித்தாள்.

"என்ன மதுஷா, ஒங்கட பொக்சர் இன்டைக்கு ரவுண்டுக்கு எறங்கல்லயா?"

"தூங்குறாங்க."

"நல்லம். நாளைக்கு டொக்டர் வந்து அனுப்பிட்டாரெண்டா ஒனக்கும் நிம்மதி."

அனுப்புவது என்றால், ஆஸ்பத்திரியில் பூட்டி வைக்கும் வாட்டுக்கு. அங்கே போன வயதானவர்கள் யாரும் திரும்பி வந்ததை மதுஷா கண்டதில்லை.

நளீரா போன பிறகு யோகம்மா புதுத்தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். "நீர் எழுதிறதை வைச்சுத்தான் டொக்டர் முடிவெடுப்பார். வடிவா யோசிச்சு எழுதும்." போகத் திரும்பியவர் நின்றார். "உமக்கு ஏதும் சொல்ல இருக்கோ?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். வேலை போனால் பிள்ளையும் தானும் மறுபடி அண்ணன் வீட்டு மூலையில்.

"இல்லைங்க மிஸ்."

மூடுபனி அன்று நேரத்தோடு இறங்கியது. முதலில் முற்றத்துச் சவுக்கு மரங்களை விழுங்கி, பிறகு படிகளில் ஏறி, திறந்த கதவுகளின் வழியே நடைக்குள் வந்து, மருந்து வாடையையும் பழைய போர்வைகளின் ஈர வாடையையும் தன்னோடு கலந்துகொண்டு, விளக்குகளைச் சுற்றி மஞ்சள் பஞ்சுபோல் தொங்கியது. நடையில் உட்கார்ந்து தாளைப் பார்த்துக்கொண்டிருந்த மதுஷாவின் மூக்கில், அந்த வாடைகளுக்கெல்லாம் அடியிலிருந்து, வேறொரு மணம் மெல்ல ஏறியது. பச்சைக் கொழுந்தின் மணம். கிள்ளிய காம்பிலிருந்து கசியும், லேசாகக் கசக்கும் மணம்.

அந்தப் பக்கம் தேயிலை இல்லை. கடைசி அறை ஜன்னலுக்கு வெளியே இருந்ததெல்லாம் போன மழையில் சரிந்துபோய்விட்டது. இப்போது அங்கே நிற்கக்கூட இடமில்லாத செம்மண் பள்ளம்.

பிறகு சத்தம் கேட்டது. டிக். டிக். இளங்காம்பு ஒடியும் சத்தம், அவசரமில்லாமல், இரண்டு கைகளும் மாறி மாறி வேலை செய்யும் தாளத்தில்.

மதுஷா எழுந்து போனாள். பாட்டி வாய் திறந்தபடி தூங்கினாள். கைகள் நாற்காலிக் கைப்பிடிகளில் கட்டியபடியே கிடந்தன. விரல்கூட அசையவில்லை.

டிக். டிக்.

ஜன்னலைச் சாத்திக் கொக்கியை மாட்டினாள். சத்தம் குறையவில்லை. அறைக்குள்தான் இருந்தது. சுவரோரம். பிறகு கட்டிலருகே. பிறகு அவளுக்குப் பின்னால்.

"முருகா."

பிடரியில் ஏதோ விழுந்தது. ஈரமாக. குளிர்ந்து. தொட்டு எடுத்தாள். இரண்டு இலையும் ஒரு மொட்டும். இப்போதுதான் கிள்ளியது.

அவள் ஓடவில்லை. கால்கள் அழைத்தன, மனம் விடவில்லை. பாட்டியின் முன்னால் மண்டியிட்டு, கைக்கு எட்டாதபடி அடியில் திருகிப் போட்டிருந்த தன்னுடைய முடிச்சுகளை அவிழ்த்தாள். மணிக்கட்டுகளில் துணி பதிந்த தடம் கன்றிப்போயிருந்தது.

"மன்னிச்சிருங்க பாட்டி. நான்தான் பொய் எழுதுனேன்."

தாளை மடியில் வைத்து எழுதினாள். அதற்கு முன் நடந்தது: நான் அவருக்குப் பின்னால் நின்றேன். அவர் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார். அவர் யாரையும் அடிக்கவில்லை. ஒருநாளும் அடிக்கவில்லை.

மனம் மாறுவதற்குள் ஓடிப்போய் யோகம்மாவின் பூட்டிய அலுவலக அறைக் கதவுக்கு அடியில் தாளைத் தள்ளிவிட்டாள். இனி அதை எடுக்க முடியாது. திரும்பி வந்தபோது பாட்டியின் கைகள் விழித்திருந்தன. காற்றைக் கிள்ளின. வீசின. முகத்தில் ஒரு சாந்தம். மதுஷாவுக்கு அழுகை வந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்தாள்.

ஜன்னல் கொக்கி தானாக எழுந்து விழுந்தது.

கதவுகள் விரிந்தன. பனி உள்ளே வந்தது. பனியோடு இரண்டு கைகள்.

கைகள் மட்டுமல்ல. அவற்றுக்குப் பின்னால் யாரோ இருந்தார்கள். பள்ளத்தின் மேலே, வெறும் பனியில். முகம் தெரியவில்லை. சுருங்கிய கைகள், சேர்த்துக் கட்டப்பட்டு, அவளை நோக்கி நீண்டிருந்தன. வெள்ளைத் துணி. அடியில் திருகிய முடிச்சு.

அவளுடைய முடிச்சு.

ஜெயலெட்சுமிக்கு முன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களுக்கும் அதே வரியைத்தான் எழுதியிருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை, திடீரென அடித்தார். கட்டு அவிழாமலே செத்துப்போனவர்கள்.

நடையில் யாருமில்லை. கத்தினால், தன் படுக்கையறையிலிருந்து யோகம்மா வருவார். மதுஷா கத்தவில்லை. ஜன்னலருகே போனாள். முடிச்சை அவிழ்த்தாள். பனிக்கட்டிபோல் இருந்தது அந்தத் தோல். விடுபட்ட கை மெல்ல உயர்ந்து, அவள் தோளைத் தாண்டி, முதுகுக்குப் பின்னால் எதையோ போட்டது. நெற்றியில் கூடைக் கயிறு இறுகியது. தொட்டுப் பார்த்தாள், கயிறு இல்லை. பாரம் இருந்தது.

அடுத்த கைகள் வந்தன. அவிழ்த்தாள். பாரம் கூடியது. தலை பின்னுக்கு இழுபட்டது. அடுத்தவை.

பிறகு வந்தவை அவளுடைய முடிச்சுகள் அல்ல. துணிகூட அல்ல. கயிறு. பழைய தும்புக் கயிறு, சதைக்குள் இறங்கியது. இவர்களை அவள் கண்டதேயில்லை. யார் கட்டினால் என்ன. குனிந்து, பல்லால் இழுத்து, அவிழ்த்தாள்.

நெற்றி ஜன்னல் கட்டையில் முட்டியது. இனி நிமிர முடியாது. கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

பனி சற்று விலகியிருந்தது. மண் இல்லாத அந்தப் பள்ளத்தின் மேலே, தோட்டத்தில் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கும் ஆட்களைப் போல, கட்டிய கைகளை முன்னால் நீட்டியபடி, வரிசை வரிசையாக, எதிர்மலை வரைக்கும் அவர்கள் பொறுமையாகக் காத்து நின்றார்கள்.