தியால்டாவின் மண்வாரி

"நான் குத்தலைங்க ஐயா!" என்று கத்திக்கொண்டே விசாரணை அறைக்குள் வந்தாள் தியால்டா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். "அந்த உப்போ என் மண்வாரியையும் திருடி, நிலத்தையும் திருடுறான்!"

அணை வழக்குகளை விசாரிக்கும் ரேம்ட் தலையசைத்தார். அவருடைய எழுத்தர் ஐலெர்ட்டுக்கோ ரத்தம் கொதித்தது.

வட கடலோரமான ஃப்ரீசியக் கரையில் சட்டம் ஒன்றே. கடல் ஊருக்குள் புகாமல் தடுக்கும் மண் அணையில் தன் பங்கைப் பழுதுபார்க்க முடியாதவர், அதில் தன் மண்வாரியைக் குத்திவிட்டு ஊரை விட்டுப் போகவேண்டும். அதை உருவுகிறவருக்கே வீடும் வயலும். அணையின் மேற்பார்வையாளனான உப்போ, திங்கள் மாலை இரண்டு சாட்சிகளோடு போய் உருவியிருந்தான்.

மூவரும் அணைக்குப் போனபோது உப்போ அங்கேயே நின்றான்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இவளே குத்தினா. என் கண்ணால பார்த்தேன். ராத்திரி கடல் பொங்குச்சு, மறுநாள் உருவினேன். இதுல என்ன தப்பு?"

"ஞாயித்துக்கிழமை நான் வீட்ல தனியா இருந்தேன், சாட்சி இல்ல," என்றாள் தியால்டா. "கடல் பொங்கினதுலேர்ந்து இன்னிக்குக் காலை வரைக்கும் கோயில்லதான் கிடந்தேன். ஊரே பார்த்துச்சு."

"அப்போ வசதியா ஞாயித்துக்கிழமையைப் பிடிச்சிட்டான்!" என்று சீறினான் ஐலெர்ட்.

ரேம்ட் குனிந்தார். கடல் பக்கச் சரிவெங்கும் வெள்ளம் விட்டுப்போன சாம்பல் நிறச் சேறு புல்லைப் போர்த்தியிருந்தது. மண்வாரி விட்ட பிளவின் ஓரத்தை அவர் மெதுவாக வெட்டித் திறந்தார். அடியில், களிமண்ணோடு இறுகி, சேறு பூசிய புல் மடிந்து கிடந்தது.

"ஐலெர்ட், இது எப்படி அடிக்குப் போச்சு?"

"உருவும்போது விழுந்திருக்கும்," என்று முந்திக்கொண்டான் உப்போ.

"விழுந்தா தளர்வா மேல கிடக்கும். இது மண்வாரியோட அலகு அழுத்தி உள்ளே தள்ளினது. புல்லுமேல சேறு படிஞ்ச பிறகுதான் இரும்பு இறங்கியிருக்கு. அப்படின்னா திங்கட்கிழமை. அன்னிக்கு இவ கோயில்ல. அவ குத்தினதை ஞாயித்துக்கிழமையே பார்த்தேன்னு சொன்னது நீ."

உப்போவின் முகம் வெளுத்தது. "ஒரு பொம்பளையால இந்த அணையைக் காப்பாத்த முடியுமா ஐயா? ஊரு நல்லதுக்குத்தான்..."

"ஊருக்காகவா? உனக்காகடா!" என்றான் ஐலெர்ட்.

உப்போவின் பதவி அங்கேயே பறிபோனது. நிலம் தியால்டாவுக்கே என்று தீர்ப்பும் எழுதியாயிற்று. ஐலெர்ட் பெருமையோடு அதை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"காலையிலேர்ந்து ஊரெல்லாம் கத்தினேன். ஒருத்தரும் நம்பலை. சேறு சொன்னதும் நம்பிட்டீங்க, இல்லையா?"

ரேம்ட் தொப்பியைக் கழற்றி அவள் முன் தலைகுனிந்தார்.