நெடி

இனிக்கவில்லை. நல்லதுதானே? இனிக்கக் கூடாது என்பதற்காகத்தானே இந்தக் கூத்து.

தலையில் கவிழ்த்திருந்த பிளாஸ்டிக் கூண்டுக்குள், முகமூடி வழியாக அவள் மூச்சை இழுத்தாள். ஆய்வகத்தின் பாதுகாப்பு அதிகாரி கூண்டின் துளை வழியே இனிப்பு மருந்தைப் பனிபோலப் பீய்ச்சினார். முகமூடியில் இடைவெளி இருந்தால் நாக்கு தித்திக்கும். தித்திக்காவிட்டால் தேர்ச்சி.

“இனிக்குதா மேடம்?”

“இல்ல.”

“தலைய ஆட்டுங்க. குனிங்க. இப்ப?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“பாஸ்! மத்தவங்க கூடையில கவுத்த கோழியாட்டம் துள்ளுறாங்க. வருஷா வருஷம் என் உயிரை வாங்காதவங்க நீங்க ஒருத்தர்தான்.”

அவர் கூண்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அவள் முகமூடியைக் கழற்றினாள். நெற்றியில் படிந்திருந்த மருந்து கன்னம் வழியே உதட்டுக்கு இறங்கியது. நக்கினாள்.

இனிக்கவில்லை.

முகமூடி மாட்டுவதற்கு முன், வெறும் வாயில் ஒருமுறை பீய்ச்சி, இனிப்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். “உங்களுக்குத் தெரியாததா மேடம்” என்று அவர் அதை விட்டுவிட்டார். போன வருடமும் விட்டார். அப்படியென்றால் இந்த முகமூடி என்றைக்காவது இறுக்கமாக இருந்ததா?

உள்ளறைக்குப் போய், எலிகளின் உறுப்புகளைப் பதப்படுத்தும் பார்மலின் புட்டியைத் திறந்து முகத்தருகே பிடித்தாள். கண்கள் எரிந்தன, நீர் கொட்டியது, தொண்டை கமறியது. ஆனால் முதல் நாளிலிருந்து அவள் தலைமுடியிலும் புடவை மடிப்பிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்த அந்த நெடி மட்டும் இல்லை. வெறும் குளிர்ந்த காற்று.

காலையில் பால் தீய்ந்து பாத்திரம் கருகியது நினைவுக்கு வந்தது. கணவன் மாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தான். “அம்மாவும் பொண்ணும் அடுப்புக்குப் பக்கத்துலதானே இருக்கீங்க? மூக்கைக் கழட்டி வெச்சுட்டீங்களா?” மகள் சிரித்தாள், அவளும் சிரித்தாள்.

சிரித்திருக்கக் கூடாது.

அவளுடைய ஆராய்ச்சியே இதுதான். பார்மலின் ஆவியில் வேலை செய்பவர்களின் மூக்குத் திசு வெந்து போகிறது. அந்தப் புண் வழியாக, விலங்குகளிடமிருந்து வரும் ஒரு வைரஸ் நேராக மூளைக்கு ஏறுமா என்று எலிகளில் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறியது. தொற்றிய எலிகள் முதலில் தீனியை முகர்வதை நிறுத்தின. பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பெட்டியின் ஓரம் போய், அதன் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றன. தூங்கவில்லை. சாகவில்லை. நின்றன. அவற்றில் ஒன்றை அருகே கொண்டுபோனால் நல்ல எலிகள் கூட்டமாகப் பின்வாங்கின.

ஆவி படாத எலிகளுக்குத் தொற்றவேயில்லை. அந்த ஒரு முடிவைப் பிடித்துக்கொண்டாள். மகளின் மூக்கில் பார்மலின் பட்டதில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது.

நல்ல எலிகள் இருக்கும் பக்கம் திரும்பினாள். வைக்கோலை அளையும் சத்தமும் தண்ணீர்க் குழாயைக் கடிக்கும் சத்தமும் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தன. ஓரடி வைத்தாள். சத்தம் நின்றது. இன்னோரடி. எல்லாப் பெட்டிகளிலும், எல்லா எலிகளும், பின்சுவரோடு ஒட்டிக்கொண்டன. அவளையே பார்த்தன.

திரும்பி ஓடி, கதவை உள்ளே தாழிட்டாள். யாரும் உள்ளே வரக் கூடாது. தானும் வெளியே போகக் கூடாது. அதை மட்டும் தெளிவாக நினைத்தாள். சுவர் குளுமையாக இருந்தது. நெற்றிக்கு இதமாக.

தட்டும் சத்தம் கேட்டு விழித்தாள். சுவர் சூடாகியிருந்தது, அவள் நெற்றி பட்ட இடத்தில் மட்டும். எப்போது சுவரருகே வந்தாள்?

கதவின் கண்ணாடிக்கு அப்பால் கணவன். சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக எப்போதும் வருவதுபோல் வந்திருந்தான். கையைப் பிடித்தபடி மகள், பள்ளிக்கூடப் பையோடு.

“என்னம்மா இது, உள்ள பூட்டிக்கிட்டு? எவ்வளவு நேரமாத் தட்டுறேன்!” கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான். “அப்பப்பா, கதவிடுக்குலயே இந்த நெடி அடிக்குதே. எப்படித்தான் இதுக்குள்ள குப்பை கொட்டுறியோ.”

அவள் திரும்பிப் பார்த்தாள். புட்டி திறந்தே கிடந்தது.

மகள் அப்பாவை அண்ணாந்து பார்த்தாள். “என்ன நெடிப்பா? எனக்கு ஒண்ணும் வரலையே.”

அடுப்பு. தீய்ந்த பால். மேடைமேல், பாத்திரத்துக்கு அவளைவிடப் பக்கத்தில், காலாட்டிக்கொண்டிருந்த மகள்.

புண் தேவையில்லை. அந்த வைரஸுக்கு இனிமேல் புண் தேவையில்லை.

“பாப்பா,” என்றாள். “இங்க பாரு. அம்மாவைப் பாரு.”

மகள் பார்க்கவில்லை. அப்பாவின் கையை விட்டாள். நடைபாதையின் எதிர்ச்சுவரை நோக்கி நடந்தாள். பை முதுகிலேயே இருந்தது. நெற்றியைச் சுவரில் வைத்தாள். கைகள் தொங்கின.

நின்றாள்.

“பாரு, நின்னுக்கிட்டே தூங்குறா,” என்று கணவன் சிரித்தான். “உன் பொண்ணுதானே. சீக்கிரம் கதவைத் திற, வந்து தூக்கிக்கோ. வீட்டுக்குப் போகலாம்.”

அவன் மகளிடமிருந்து ஓரடி பின்வாங்கினான். பிறகு இன்னோரடி. தான் நகர்ந்தது அவனுக்கே தெரியவில்லை.

“திறயேன்.”

தாழ்ப்பாள்வரை போயிருந்த கையை அவள் எடுத்தாள்.

“மாட்டேன்,” என்றாள், மெதுவாக.