ஆண்டிச்சாமியின் கைரேகை

கணினித் திரையில் ஒரு பச்சை வரி விழுந்திருந்தது.

‘மருந்து அறை திறக்கலாம். அனுமதி: ஆண்டிச்சாமி.’

வேல்விழி அதை இன்னொரு முறை படித்தாள். ஆண்டிச்சாமி ஃபோர்மேன் பங்குனியில் அதே மருந்து அறை வெடித்தபோது மூன்று பேரோடு சேர்ந்து கருகிப் போனவர். அதன்பின் மூடிக்கிடந்த விஸ்வநத்தம் பட்டாசு கம்பெனி, அந்த அறையைத் திரும்பக் கட்டி இன்று காலைதான் திறந்திருந்தது.

ஆபீஸ் சன்னலுக்கு வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. வெயில் ஏறுவதற்குள் வெடிமருந்தைச் சலித்துவிட வேண்டும் என்பதால் பெண்கள் இருட்டோடு வந்திருந்தார்கள். அவர்களில் அவள் அம்மா பேச்சியம்மாளும் ஒருத்தி.

செல்போனை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் எல்லாரும் உள்ளே போக வேண்டும். அதனால் ஆளுக்கொரு லாகின் கிடையாது. ஃபோர்மேன் தன் அறையிலுள்ள டேப்லெட்டில் கட்டைவிரலை வைப்பார். வேல்விழி எழுதிய மென்பொருள் அந்த ரேகையைச் சரிபார்த்து, அவர் பெயரில் கிளவுடுக்குள் நுழைந்து அனுமதியைப் பதியும். உடனே மருந்து அறை வாசல் பலகையில் பச்சை எரியும். மறுநாளைக்கு அவர் மறுபடி விரல் வைக்க வேண்டும்.

புது ஃபோர்மேன் ஜெயசுந்தரின் ரேகையை இன்றுதான் பதிய வேண்டும். அதுவரை கிடக்கட்டும் என்று பழைய பெயரை அவள் நீக்காமல் வைத்திருந்தாள்.

வாட்ச்மேன் பாண்டிராஜ் டீயோடு வந்தார். “என்ன தாயி, காலங்காத்தாலயே பேயறைஞ்ச மாதிரி இருக்கீக?”

“புது ஃபோர்மேன் வந்துட்டாராண்ணே?”

“எங்க! ஆமத்தூர்ல பஸ்ஸ விட்டுட்டு நிக்காராம். மொத நாளே லெச்சணம் எப்படி பாத்தீகளா!”

“அப்ப அவர் ரூம்ல யாரு?”

“பூட்டுன ரூம்ல யாரு இருப்பா?” பாண்டிராஜ் இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டினார்.

வேல்விழி அனுமதியை ரத்து செய்தாள். வரி மறைந்தது. அவள் மூச்சு விடுவதற்குள் இன்னொன்று விழுந்தது.

‘விரல் ரேகை மீண்டும் ஏற்கப்பட்டது. ஆண்டிச்சாமி.’

மறுபடி ரத்து செய்தாள். மறுபடி விரல்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஃபோர்மேன் அறை. அங்கிருந்து கண்ணாடியில் ஈர விரல் தேயும் மெல்லிய கீச்சொலியும், அதன் பின்னாலேயே கந்தகமும் கருகிய மயிரும் கலந்த நெடியும், சுவரே மூச்சு விடுவதுபோல விட்டுவிட்டு வந்தன.

“அண்ணே, அந்த டேப்லெட்டப் பிடுங்கிட்டு வாங்க!”

சொல்லிக்கொண்டே அவள் மருந்து அறையை நோக்கி ஓடினாள்.

பலகையில் பச்சை எரிந்தது. ‘உள்ளே: 4.’ வாசல் சென்சார் தலைகளை எண்ணும். ஓர் அறைக்கு நான்கு பேர்தான்; கூடினால் சிவப்பு எரியும்.

“யம்மா! எல்லாரும் வெளிய வாங்க!”

ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கடைசியாகப் பேச்சியம்மாள். வாசலில் பதித்திருந்த செம்புத் தகட்டில், உடம்பின் மின்சாரம் இறங்க உள்ளங்கையை வழக்கம்போல் அழுத்திவிட்டு வெளியே வந்தாள்.

“ஏட்டி, எதுக்கு இந்தக் கத்து கத்துத? வேலைய ஆரம்பிக்கலன்னா புது ஃபோர்மேன் வைவாருல்ல.”

“அவரப் பாத்தியா?”

“முதுகத்தான் பாத்தேன். மூலையில சலிச்சுக்கிட்டு நிக்காரு. கொரலு மட்டும்...” பேச்சியம்மாள் கையைத் தேய்த்துக்கொண்டாள். “அப்படியே நம்ம ஆண்டிச்சாமி அண்ணாச்சி கொரலு.”

நான்கு பெண்களும் வெளியேதான் நின்றார்கள். வேல்விழி பலகையைப் பார்த்தாள்.

‘உள்ளே: 4.’

அறைக்குள் சல்லடை ஓடும் சத்தம். சரக்... சரக்... சரக்.

வேல்விழி அம்மாவின் கையைப் பிடித்தாள். மருந்து படிந்த கை. சில்லென்றிருந்தது.

பாண்டிராஜ் ஓடி வந்தார். கையில் டேப்லெட். வயர் அறுந்து தொங்கியது. “ரூமு பூட்டித்தான் கெடந்துச்சு தாயி. ஆனா இதப் பாருங்க...”

அணைந்த கண்ணாடியின் நடுவில் சாம்பலால் ஒரு கட்டைவிரல் ரேகை. வேல்விழி தொட்டாள். சுட்டது. கையை வெடுக்கென இழுத்துக்கொண்டாள்.

இரண்டு கைகளையும்; அம்மாவைப் பிடித்திருந்ததையும்.

“இந்தா வாரேன் அண்ணாச்சி” என்றது அம்மாவின் குரல், முதுகுக்குப் பின்னால்.

திரும்பினாள்.

மூன்று பெண்கள்.

செம்புத் தகட்டில் ஈர உள்ளங்கைத் தடம் ஒன்று ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வந்தது. அதற்கு மேலே பலகை சிவப்பாக எரிந்தது.

‘உள்ளே: 5.’

உள்ளே இப்போது இரண்டு சல்லடைகள் ஓடிக்கொண்டிருந்தன.