நல்ல சதை

மூன்றாவது நாளும் அந்தக் கோடு சீக்கிரமாகவே எழும்பிவிட்டது.

வின்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் திரையை மறுபடி பார்த்தாள். ராஜபாளையத்து ஆய்வகத்தில் அவள் வேலையே இதுதான். ஒவ்வொரு நோயாளியின் புற்றுக்கட்டியிலிருந்து ஒரு துணுக்கு, பக்கத்திலிருந்த நல்ல சதையிலிருந்து ஒரு துணுக்கு. இரண்டிலும் ஒரு என்சைமின் மரபணு எவ்வளவு மும்முரமாக வேலை செய்கிறது என்று ஒப்பிட வேண்டும். கட்டியில் அது கொட்டமடிக்கும், கோடு சட்டென்று எழும்பும். நல்ல சதையில் சோம்பலாக, பிந்தி எழும்பும். நாற்பத்தொன்றாம் நோயாளிக்கு மட்டும் நல்ல சதையின் கோடு தினம் தினம் கட்டியின் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது.

துணுக்கு வைத்த குப்பியில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனாலும் நாற்பத்தொன்று யாரென்று அவளுக்குத் தெரியும். ராபர்ட். அவள் புருஷன். இறந்து ஐந்து மாதம்.

ஆபரேஷன் முடிந்த அன்று, "மிச்சமெல்லாம் நல்ல சதைதானாம்ங்க" என்று அவன் காதில் சொன்னவள் அவள்தான். அவன் நம்பிச் சிரித்தான்.

"வெட்டியெடுத்த சதை, மைனஸ் எண்பது டிகிரியில கிடக்கு. அது எப்படிம்மா மாறும்?" என்றார் பேராசிரியர் ஹரிகிருஷ்ணன். "எங்கயோ கலந்துருச்சு. அதைக் கழிவு போடுற மஞ்சப் பையில போட்டுட்டு, வீட்டுக்குப் போயி செத்த நேரம் படு."

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அவள் ஃப்ரீசரைத் திறந்தாள். வழக்கமாக முகத்திலடிக்கும் வெண்புகையோடு அன்றைக்கு வேறொன்றும் வந்தது. கடைசி வாரங்களில் அவன் படுத்திருந்த அறையில், ஜன்னலைத் திறந்துவைத்தும் டெட்டால் விட்டுத் துடைத்தும் போகாமல் தலையணையிலும் அவள் சேலையிலும் தங்கிக் கிடந்த அந்த இனிப்பான அழுகல் வாசம், அந்தக் குளிருக்குள்ளிருந்து இளஞ்சூடாக.

எல்லாக் குப்பிகளிலும் பனி பூத்திருந்தது. ஒன்றில் மட்டும் இல்லை.

அரிசி அளவில் வைத்த துணுக்கு, குப்பியை நிறைத்து மூடியைப் பிதுக்கியிருந்தது. சிவப்பாக. ஈரமாக.

மஞ்சள் பையின் வாயை விரித்தாள். கை நீளவில்லை. அவனை ஒரு தடவை மண்ணுக்குள் போட்டாயிற்று. இன்னொரு தடவையுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில், குப்பியை உள்ளே வைத்து மடியில் வைத்திருந்த சாப்பாட்டு டப்பா சேலையைத் தாண்டிச் சுட்டது. கூமாப்பட்டியிலிருந்து மாமியார் அன்னாள் போனில் கூப்பிட்டாள்.

"ஏட்டி, எங்கிட்டு இருக்க? குரலு ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல அத்தை. அவியளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"யாரைட்டி?"

வின்சி போனை அணைத்தாள்.

மடவார் வளாகத்து வீட்டில் வெயில் இன்னும் இறங்கவில்லை. கதவைத் தாழிட்டாள். அவன் கிடந்த கட்டிலில் டப்பாவை வைத்தாள். ஃபேனை நிறுத்தினாள். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டபடி போனார்கள். பிறகு அதுவும் இல்லை.

டப்பாவின் மூடி அசைந்தது.

நின்றது.

மறுபடி அசைந்தது. கழன்று உருண்டது.

விளிம்பைத் தாண்டி அது மெத்தையில் வழிந்தது. தோலில்லை. முகமில்லை. நரம்பும் துடிப்பும் மட்டும்.

ஓடியிருக்கலாம். அவள் கட்டிலருகே முட்டிபோட்டாள்.

"என்னங்க," என்றாள். "வலிக்குதா?"

குரல் வந்த பக்கமாக அது ஊர்ந்து வந்தது.