மூன்று கொம்பு விதை

வாண்டுக்குத் தலைகால் புரியவில்லை. புரியுமா பின்னே? ஒரு செடிக்கே அவள் பெயரை வைக்கப் போகிறார்கள்!

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அந்த நீலப் பூச்செடியைக் கண்டுபிடித்தது அவள்தான். செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கும் காப்பகத்தில் சித்திக்கு வேலை. ஒரு மாதம் புத்தகங்களைப் புரட்டிவிட்டு, "இது புதுச் செடிடி! உன் பேரையே லத்தீன்ல வெச்சுடலாம். நாளைக்குக் கட்டுரையை அனுப்பறேன்" என்று சித்தி சொல்லிவிட்டார்.

அன்று மாலை சித்தி அந்தக் கட்டுரையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். வாண்டு சும்மா இருப்பாளா? காப்பகத்தின் கிழிந்த உறைகளை மாற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஓர் உறைக்குள் காய்ந்து பழுப்பேறிய செடி. பூ உதிர்ந்தே போயிருந்தது. தாளின் மூலையில் ஒரு விதை. அதற்கு மூன்று கொம்பு!

அவளுக்குப் பகீரென்றது. நீலப் பூச்செடியின் இதே கொம்பு விதை அவள் சாக்ஸில் ஒட்டிக்கொண்டு எத்தனை நாள் உயிரை வாங்கியிருக்கிறது! கீழே இருநூறு வருடத்துக்கு முந்தைய தேதி. யாரோ ஓர் இயற்கை ஆராய்ச்சியாளர் லத்தீனில் பெயரும் எழுதியிருந்தார்.

முதலில் வைத்து அச்சிட்ட பெயர்தான் செல்லும். சித்தி நூறு தடவை சொல்லியிருக்கிறார்.

உறையை மூடிவிட்டால் யாருக்குத் தெரியும்? மூடினாள். மறுபடி திறந்தாள். பாவம், அந்த மனிதர் காடுமேடெல்லாம் அலைந்திருப்பாரே!

"சித்தி... இதைப் பாருங்களேன்."

சித்தி லென்ஸை வைத்துப் பார்த்தார். அடுத்த நொடி நாற்காலி கவிழ எழுந்தார்.

"அடிப்பாவி! இந்தத் தாளைத்தான் ஊர் உலகமெல்லாம் தேடுது! வேற கட்டுல சொருகி வெச்சிருக்காங்களே! அவர் அச்சிட்ட புத்தகத்துல பேரோட ஒரே ஒரு வரிதான் இருக்கு, படம்கூட இல்ல. அவருக்கு அப்புறம் இந்தச் செடியை யாருமே பாக்கல. அழிஞ்சு போச்சுன்னே முடிவு பண்ணிட்டாங்க!"

"அழியலையே! தொட்டிக்குப் பின்னாடி கொத்துக் கொத்தா இருக்கே!"

"அதான்டி! அதைக் கண்டுபிடிச்சது நீதானே!"

"அப்போ என் பேரு?"

"செடிக்கு அவர் வெச்ச பேர்தான்டா கண்ணு."

வாண்டு மூக்கை உறிஞ்சினாள். சித்தி புதுத் தாளில் நீலப் பூச்செடியை ஒட்டி, அடியில் சீட்டு ஒட்டி, பேனாவை அவளிடம் நீட்டினார்.

"'கண்டெடுத்தவர்'னு போட்டிருக்கு பார். அங்கே எழுது. இருநூறு வருஷம் கழிச்சும் யாராவது படிப்பாங்க."

வாண்டு நாக்கைத் துருத்திக்கொண்டு தன் பெயரைக் கொட்டை கொட்டையாக எழுதினாள். எழுதி முடித்தபோது, தேதி போடக்கூட அந்தச் சீட்டில் இடமில்லை.