ஐயமானி வெட்டிய தீர்ப்பு

நூற்றிரண்டு நிமிடப் படத்தில் ஐயமானி என்ற தணிக்கைப் பொறி எட்டே நிமிடத்தை விட்டுவைத்திருந்தது. அதிலும் பாதி, பெயர்கள் ஓடும் இடம்.

நீதிபதி கோதண்டபாணிக்கு இது புதிதில்லை. எங்கோ உட்கார்ந்து படம் பார்க்கும் நூறு பேரின் மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கும். சட்டத்தின்மேல் சந்தேகம் எழுந்தால் நாடியே காட்டிக்கொடுக்கும். முள் நாற்பதைத் தாண்டினால் பொறி அந்தக் காட்சியை வெட்டிவிடும். சினிமாவுக்கு வந்த பொறி பிறகு நீதிமன்றத்துக்கும் வந்தது. எந்த உத்தரவும் புதிதாக நூறு பேர் கேட்ட பிறகுதான் பதிவேட்டில் ஏறும். ஏறாத உத்தரவு செல்லாது. "நீதிபதியே ஆனாலும் பொறியை அணைக்கக் கூடாது" என்று அன்றைக்குத் தீர்ப்பு எழுதியவரும் இவர்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறார் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

படத்தை எடுத்து, வெட்டியதை எதிர்த்து வழக்குப் போட்டிருந்த ஜெசிந்தா முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, இதுல ஒரு வரிகூட நான் சொந்தமா எழுதல. எல்லாம் கோர்ட்டுல பேசுனதுதான். கொலை நடந்த அன்னைக்கு எங்க அண்ணன் சேவியர் நடுக்கடல்ல இருந்தாரு. கடலுக்குப் போனதுக்குத் துறைமுகத்துல குடுத்த சீட்டு இருக்கு. அதைப் பாக்காமலே ஆயுள் போட்டுட்டாங்க. பதினோரு வருஷம் ஆச்சு."

"யார் போட்டது?"

"நீங்கதான்யா."

அவருக்கு அந்த வழக்கு நினைவிலேயே இல்லை. வெட்டாத படத்தைத் தன் அறையில் போடச் சொன்னார். திரையில் நீதிபதியாக வந்த நடிகர் சீட்டைக் கையால் ஒதுக்கிவிட்டு, "இதுக்கெல்லாம் நேரமில்லை, அடுத்த வழக்கு" என்றார். கோதண்டபாணி அந்த வழக்கின் பழைய பதிவேட்டைப் புரட்டினார். அதே சொற்கள்.

மறுநாள் மன்றத்தில் எழுந்து நின்று சொன்னார்: "இந்த நீதிமன்றம் தவறு செய்தது. சேவியர் நிரபராதி. உடனே விடுதலை செய்ய வேண்டும்."

பதிவாளர் முத்துராணி பொறியின் திரையைப் பார்த்தாள். "முள்ளு தொண்ணூறுக்குப் போயிருச்சுங்கய்யா. பதிவாகல."

சொற்களை மாற்றிப் பார்த்தார். சுருக்கிப் பார்த்தார். ஆறு முறை முயன்றும் பொறி வெட்டியது. கடைசியில் ஜெசிந்தாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மன்னிப்புன்னு சொன்னா பதிவேட்டுல ஏறும்மா. வேற வழி தெரியல."

"அம்மா படுத்த படுக்கையா கெடக்காங்க. அண்ணன் வீட்டுக்கு வந்தாப் போதும். சொல்லுங்கய்யா."

"கொலைக் குற்றவாளி சேவியர்மேல் இரக்கம் கொண்டு, இந்த நீதிமன்றம் அவரை மன்னித்து விடுவிக்கிறது."

முள் மூன்றில் நின்றது. இத்தனை நம்பிக்கையை எந்தத் தீர்ப்பும் இதுவரை பெற்றதில்லை என்று பொறி பாராட்டும் அனுப்பியது.

மாலையில் சிறை அதிகாரி தொலைபேசியில் பேசினார். "அய்யா, அந்த சேவியர் மன்னிப்புத் தாள்ல கையெழுத்துப் போட மாட்டேங்கிறான். தங்கச்சி வாசல்ல நின்னு அழுவுது, அப்பவும் அசையல. 'நான் கொலை செய்யலன்னு அய்யா ஒரே ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், வந்துர்றேன்'ங்கிறான்."

கோதண்டபாணி பேனாவை எடுத்து அந்த வரியை எழுதினார். எழுதுவதில் சிரமமில்லை. அதை ஏற்றுக்கொள்ளும் பதிவேடுதான் நாட்டில் எங்கும் இல்லை. இல்லாமல் செய்தவரும் அவரே.