வெள்ளிக்கிழமை அண்ணா

சயந்தினிக்கு ஓர் அண்ணா இருந்தார். ஆனால் அவர் வெள்ளிக்கிழமை மாலையில்தான் அண்ணாவாக வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் அவர் தொலைபேசியில் கேட்கும் வெறும் குரல், அவ்வளவுதான்.

அண்ணாவின் பெயர் சுபாங்கன். மெல்பேர்னின் மறு கோடியில் இருந்த ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தார். வீடு இருந்ததோ இந்தக் கோடியில், கிரான்பர்னில். ரயில் மாறி மாறிப் போய்ச் சேருவதற்குள் காலையில் சாப்பிட்டதெல்லாம் செரித்துவிடும். அதனால் அங்கேயே விடுதியில் ஓர் அறை எடுத்திருந்தார். வெள்ளி மாலை வருவார், ஞாயிறு மாலை கிளம்பிவிடுவார்.

நாலாம் வகுப்புப் படிக்கும் சயந்தினிக்குப் புதன்கிழமைகளைக் கண்டாலே பிடிக்காது. போன வெள்ளியும் தூரம், வரப்போகிற வெள்ளியும் தூரம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அண்ணாவின் அறைக்குள் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள். கட்டில் விரிப்பு ஒரு சுருக்கமும் இல்லாமல் கிடக்கும். அதைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வரும். ஒருநாள் கட்டிலில் ஏறி உருண்டு புரண்டு விரிப்பை நன்றாகக் கசக்கிவிட்டாள். இப்போது அண்ணா படுத்து எழுந்தது போலவே இருந்தது. அம்மா வந்து, "இதென்ன கோலம், பிள்ளை?" என்று திரும்பவும் இழுத்து விரித்துவிட்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே கிளம்பும் யாரும் "போறன்" என்று சொல்லக் கூடாது. "போட்டு வாறன்", அதாவது போய்விட்டுத் திரும்பி வருகிறேன், என்றுதான் சொல்ல வேண்டும். குப்பைத் தொட்டியைத் தெருவோரம் வைக்கப் போனாலும் அப்பா சொல்லிவிட்டுத்தான் போவார். ஞாயிறு மாலை அண்ணா சொல்லும் "போட்டு வாறன்" சயந்தினிக்கு மிகவும் வேண்டியிருந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வெள்ளி வரை நாட்களை ஓட்டினாள்.

அது 2011ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம். ஒரு வெள்ளி மாலை அண்ணாவோடு அவருடைய கூட்டாளி நஸ்மியும் வந்தார். நஸ்மியின் வீடு சிட்னியில். நினைத்தவுடன் ஓடிப்போக முடியாது. ஆகவே அடிக்கடி கிரான்பர்னுக்கு வந்துவிடுவார். உண்மையான காரணம் அம்மா அவிக்கும் புட்டுத்தான் என்று அவரே ஒத்துக்கொள்வார்.

இருவரும் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் புட்போல் அணியில் இருந்தார்கள். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். தலையில் பெரிய ஹெல்மெட், தோளில் தடித்த மெத்தை. அந்த ஆட்டத்தில் குவாட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. ஒவ்வொரு தடவையும் பந்து அவர் கைக்குத்தான் வரும். யாருக்கு எறிவது, எப்போது எறிவது என்று அவர்தான் தீர்மானிப்பார். ஆட்டம் தொடங்கும்போது அந்த இடத்தில் ஒருவர்தான் இறங்க முடியும். இவர்கள் அணியிலோ அதற்கு இரண்டு பேர். அந்த இரண்டு பேரும்தான் இப்போது ஒரே மேசையில் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாதிப் பேர் இவன் எண்டுறாங்கள், பாதிப் பேர் நான் எண்டுறாங்கள்," என்றார் அண்ணா. "பேஸ்புக்கில பெரிய சண்டை. கோச்சுக்குத் தலையிடி வந்திட்டுது. திங்கட்கிழமைக்குள்ள ரெண்டு பேரும் பேசி முடிவெடுத்துக்கொண்டு வாங்கோ எண்டு சொல்லிப்போட்டார்."

அப்பா கதிர்காமநாதனுக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறெதுவும் தெரியாது. ஆனாலும் நியாயம் சொல்லாமல் இருப்பாரா?

"இதில யோசிக்க என்ன இருக்கு? புதுப் பந்துக்கு நிதானமான ஆளைத்தான் முதல்ல இறக்க வேணும். அடிச்சு ஆடுறவன் பிறகு வரட்டும்."

"அப்பா, இதில துடுப்பே இல்லை."

"துடுப்பு இல்லாம அது என்ன விளையாட்டு?" என்று அப்பா கத்தரிக்காய்க் குழம்பின் பக்கம் திரும்பிவிட்டார்.

அம்மா இராஜேஸ்வரி நஸ்மியின் தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தார். "முதல்ல போறவனைத்தானே மற்ற ஆக்கள் ஓடி வந்து இடிச்சு விழுத்துறவை?"

"ஓம் அன்ரி."

"அப்ப ரெண்டு பேரும் போக வேண்டாம். முடிஞ்சுது."

ஆனால் முடியவில்லை. நஸ்மி தூரமாக எறிவான் என்றார் அண்ணா. சுபாங்கன் குறி தப்பாமல் எறிவான் என்றார் நஸ்மி. வாய்தான் இப்படி விட்டுக்கொடுத்தது. இருவருடைய கண்ணிலும் ஆசை அப்படியே நின்றது. அந்த இடத்துக்காக இருவரும் குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டிருந்தார்கள்.

"முதல் ஆளா வந்தா என்ன தருவினம்?" என்று சயந்தினி கேட்டாள்.

"வேலைதான் தருவினம்," என்று அண்ணா சிரித்தார். "வெள்ளிக்கிழமை பின்னேரம் கோச்சோட இருந்து திட்டம் படிக்க வேணும். சனிக்கிழமை விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமை திரும்பவும் கோச்."

"அப்ப வீட்டுக்கு?"

"கிறிஸ்மஸ் லீவு வரைக்கும் வர ஏலாமப் போகும், சயந்தி."

சொல்லிவிட்டு அவர் அப்பளத்தை எடுத்தார். சயந்தினி புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

அப்போதுதான் நஸ்மி நிமிர்ந்தார். "நாங்கள் ஏன் சண்டை பிடிக்க வேணும்? தங்கச்சியைக் கேப்பம். இவ்வளவு நாளும் பார்க்கில ரெண்டு பேரின்ர பந்தையும் பிடிச்சது இவதானே. சின்னக் கைக்கு ஆரின்ர பந்து ஒழுங்கா வந்து சேருதோ, அவன் முதல்ல இறங்கட்டும்."

"நல்ல கதை," என்றார் அண்ணா. "நாளைக்குக் காலமை பிடிச்சுப் பாத்துச் சொல்லு, சயந்தி. ஓம்தானே?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சயந்தினி தலையாட்டினாள்.

நாளைக்குப் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. விடை அவளுக்கு எப்போதோ தெரியும். நஸ்மியின் பந்து வெகுதூரம் போகும், ஆனால் பிடித்தால் உள்ளங்கை எரியும். அண்ணாவின் பந்து அவள் ஓடும் இடத்தைத் தேடிக்கொண்டு வந்து கைக்குள் உட்காரும். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டே பிடித்துக் காட்டியிருக்கிறாள். அண்ணாதான் முதலில் இறங்க வேண்டியவர். ஆனால் அதைச் சொன்னால் வெள்ளிக்கிழமைகள் எல்லாம் புதன்கிழமைகள் ஆகிவிடுமே.

படுக்கப் போகும்போதே அவள் முடிவெடுத்துவிட்டாள்.

காலையில் பார்க்கில் புல் நனைந்திருந்தது. முதலில் நஸ்மி எறிந்தார். சயந்தினி பல்லைக் கடித்துக்கொண்டு அநேகமாக எல்லாவற்றையும் பிடித்தாள். பிறகு அண்ணா எறிந்தார். பந்து வழக்கம் போல நேரே அவளிடம் வந்தது. அவள் கையை விரித்தாள். பந்து புல்லில் விழுந்தது.

அடுத்ததும் விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. கைக்கே வருகிற பந்தை வேண்டுமென்று விடுவது லேசான வேலையில்லை. விரல்கள் தாமாகவே மூடப் பார்க்கும், அவற்றை அடக்க வேண்டும். அண்ணா கிட்ட வந்து இன்னும் மெதுவாக எறிந்தார். அதையும் விட்டாள்.

அண்ணா அவளிடம் ஓடி வந்தார். ஏசப்போகிறார் என்று சயந்தினி நினைத்தாள். அவரோ அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கை நோகுதா? நான்தான் ஒழுங்கா எறியேல்ல போல."

"இல்லை," என்றாள் அவள், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

அண்ணா நிமிர்ந்து நஸ்மிக்குக் கை கொடுத்தார். "சரி மச்சான். நீதான் முதல்ல."

நஸ்மி கையைக் கொடுத்தபடி சயந்தினியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

இனி சந்தோஷமாக இருக்க வேண்டியதுதான். அண்ணா வெள்ளிதோறும் வருவார். சயந்தினி வீட்டுக்கு வந்ததும் கரம் பலகையை எடுத்து, காய்களை அடுக்கி, மா தூவி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அண்ணாவைக் காணவில்லை.

குசினி ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். கொல்லையில் உடுப்புக் காயப்போடும் கம்பத்துக்கு அண்ணா தனியே பந்தை எறிந்துகொண்டிருந்தார். பந்து கம்பத்தின் நடுவிலேயே பட்டது. ஓடிப்போய் எடுத்து வந்து திரும்பவும் எறிந்தார். ஒவ்வொரு தடவையும் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். எங்கே பிழை விட்டேன் என்று கையிடமே கேட்பது போலிருந்தது.

"அண்ணா, கரம் விளையாட வாங்கோ."

"வாறன், சயந்தி," என்றார். ஆனால் வரவில்லை.

அண்ணா வீட்டில்தான் இருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்தான் நின்றார். ஆனால் புதன்கிழமை அவருடைய வெறும் அறையில் இருந்தபோதுகூட அவள் அண்ணாவை இவ்வளவு தேடியதில்லை.

சயந்தினி செருப்புக்கூடப் போடாமல் கொல்லைக்குப் போனாள்.

"எனக்கு எறியுங்கோ."

"வேண்டாம், கை நோகும்."

"எறியுங்கோ, அண்ணா."

அவர் எறிந்தார். அவள் பிடித்தாள். இடப்பக்கம் ஓடிப் பிடித்தாள், வலப்பக்கம் ஓடிப் பிடித்தாள். பிறகு வேலியோரமாய்ப் போய் நின்று, இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டு கையை நீட்டினாள். பந்து வந்து கைக்குள் உட்கார்ந்தது.

அண்ணா வாயைத் திறந்தபடி நின்றார். "அப்ப காலமை?"

"வேணுமெண்டுதான் விட்டனான்." சயந்தினி பந்தை வயிற்றோடு கட்டிக்கொண்டாள். "நீங்கள் முதல் ஆளா வந்தா வீட்டுக்கு வரமாட்டியள். எனக்கு உங்களைப் பாக்க வேணும்."

அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டாள்.

அண்ணா புல்லில் உட்கார்ந்து அவளையும் பக்கத்தில் இருத்தினார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை ரயில் வெளிக்கிட்டாப் பிறகு நான் என்ன செய்யிறனான் தெரியுமோ?" என்று கேட்டார். "அடுத்த ஸ்டேசன் வரைக்கும் ஒருத்தரையும் பாக்கமாட்டன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருப்பன். பாத்தா அழுகை வந்திடும்."

சயந்தினி கண்ணைத் துடைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். அண்ணாவும் தன்னைத் தேடுவார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அந்த இடமும் எனக்கு வேணும், சயந்தி. சரியான ஆசை."

"எனக்குத் தெரியும். நீங்கள்தான் முதல்ல இறங்க வேணும்."

"எனக்கும் தெரியும்," என்று இன்னொரு குரல் கேட்டது. கொல்லைக் கதவடியில் நஸ்மி தேநீர்க் கோப்பையோடு நின்றார். "கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிறவ, கண்ணைத் திறந்துகொண்டு விட்டா ஆர் நம்புவினம்?"

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்ல?" என்று அண்ணா கேட்டார்.

"எனக்கும் ஆசைதானே, மச்சான். கொஞ்ச நேரமாவது முதல் ஆளா இருந்து பாப்பம் எண்டு நினைச்சன். தேத்தண்ணி குடிச்சு முடிய உண்மையைச் சொல்லலாம் எண்டுதான் மெதுவாக் குடிச்சன்." நஸ்மி கோப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். "முடிஞ்சுது."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, நஸ்மி அண்ணா," என்றாள் சயந்தினி.

"வெள்ளிக்கிழமைப் புட்டை எனக்கு எடுத்து வைச்சாப் போதும். ரெண்டாம் ஆளுக்கு வெள்ளிக்கிழமை ஒரு வேலையுமில்லை." சொல்லிவிட்டு அவர் அண்ணாவிடம் கையை நீட்டினார். "காலமை தந்த கையைத் திரும்ப எடு."

சயந்தினி அங்கே நிற்கவில்லை. நேரே அப்பாவிடம் போனாள்.

"அண்ணா வீட்டுக்கு வர ஏலாது. ஆனா சனிக்கிழமை நாங்கள் அங்க போகலாம்தானே?"

அப்பா பத்திரிகையைத் தாழ்த்தினார். "அவ்வளவு தூரம் கார் ஓட வேணும். அதுவும் துடுப்பில்லாத விளையாட்டைப் பாக்க."

"மேய்ஸ் ஹில் முருகனைப் பாக்கச் சிட்னிக்கே ஓடினியள். அண்ணாவைப் பாக்க இவ்வளவு தூரம் ஓட மாட்டியளோ?"

அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். குசினியில் அம்மா, எத்தனை பேர் அணியில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சாப்பிட எத்தனை ரோல்ஸ் சுட வேண்டும் என்று ஏற்கெனவே நஸ்மியிடம் விசாரிக்கத் தொடங்கியிருந்தார்.

அண்ணா போய்ப் பல நாட்கள் கழித்து முதல் ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை வந்தது. மைதானத்தில் எல்லோரும் ஹெல்மெட்டும் அகன்ற தோளுமாக ஒரே மாதிரி இருந்தார்கள். சயந்தினி நஸ்மியை மட்டும் உடனே கண்டுபிடித்துவிட்டாள். அவர் ஓரத்தில் நின்று ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் ரோல்ஸுமாக அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அண்ணாவைத் தேடித் தேடி, கடைசியில் ஏழாம் இலக்கச் சட்டையில் கண்டாள். அவர் கோச்சிடம் குனிந்து பேசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இவ்வளவு தூரம் வந்தும் அண்ணா தூரத்தில்தான் இருந்தார்.

விசில் ஊதியது. அணி மைதானத்துக்குள் ஓடியது. ஏழாம் இலக்கமும் ஓடியது. பாதித் தூரத்தில் அது நின்றது, திரும்பியது, கோச் கத்தக் கத்த அவள் நின்ற கோட்டருகே ஓடி வந்தது. அண்ணா ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை.

"சயந்தி, போட்டு வாறன்."

"ஓம் அண்ணா," என்றாள் சயந்தினி. "போட்டு வாங்கோ."

அண்ணா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பி ஓடினார். முதல் பந்து அவர் கைக்கு வந்தது.